ஏரியின் நாட்காட்டி வேறு

வடக்கு ஒன்ராறியோவின் ஏரிகள், மீன்பிடி, பிள்ளைகளோடு காட்டுக்குப் போவது பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மே மாதக் கடைசியில் டெமகாமி ஏரிக்குப் போனபோது, ஓர் ஓடை வந்து விழும் இடத்தில் ஓராள் ஆழத் தண்ணீரிலேயே வோல்ஐ மீன் எடுத்தோம். அதே இடத்துக்கு ஆகஸ்டில் குடும்பத்தோடு போனோம். ஐந்து நாளில் அகப்பட்டது இரண்டு சின்னப் பேர்ச். ஏரியில் மீன் அழிந்துவிட்டதா?
வாசகர், ஸ்காபரோ

பதில்: அழியவில்லை. வீடு மாறியிருக்கிறது.

தண்ணீர் ஆகக் கனமாக இருப்பது 4 பாகை செல்சியஸில். அதைவிடச் சூடானாலும் இலேசு, அதைவிடக் குளிர்ந்தாலும் இலேசு. வடக்கு ஏரிக்குள் ஆண்டு முழுவதும் நடப்பதில் பெரும்பகுதியை இந்த ஒரு விதியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பனிக்கட்டி உருகியதும் மேல்தண்ணீர் மெல்லச் சூடாகி 4 பாகையைத் தொடும். அப்போது மேலும் கீழும் ஒரே கனம் என்பதால், ஒரு நல்ல காற்று அடித்தாலே ஏரி அடிவரை கலங்கிப் புரளும். அடித்தண்ணீருக்கு மூச்சுக்காற்று போய்ச் சேர்வது இந்த நாட்களில்தான். வோல்ஐ முட்டையிடுவதும் இதையொட்டியே. தண்ணீர் 6 முதல் 9 பாகை வரை வரும்போது ஓடை வாய்களிலும் அலை மோதும் கல்லுக்கரைகளிலும் முட்டை போடும். பிறகும் இரண்டு மூன்று வாரம் அங்கேயே சுற்றித் திரியும். ஆழமில்லாத இடம்தான் முதலில் சூடாகும், சின்ன மீன்களும் அங்கேதான் கூடும். நீங்கள் மே மாதத்தில் சந்தித்தது அந்தக் கூட்டத்தை.

யூலைக்குள் ஏரி மூன்று படையாகப் பிரிந்துவிடும். மேலே 20 பாகையைத் தாண்டிய சூட்டுத் தண்ணீர், அடியில் கைவிறைக்கும் குளிர்த் தண்ணீர், நடுவே மீற்றருக்கு ஒரு பாகைக்கு மேல் விழுந்துகொண்டே போகும் மெல்லிய படை. இறங்குதுறையிலிருந்து குதிக்கும் பிள்ளைகள், நெஞ்சுக்குச் சூடும் காலுக்குக் குளிரும் பட்டதென்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அதே சங்கதிதான், ஏரியளவில்.

வோல்ஐயின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது, பூனைக் கண்ணில் இருப்பதுபோல. மங்கல் வெளிச்சத்தில் மற்ற மீன் தடுமாறும்போது அதற்கு மட்டும் தெளிவாகத் தெரியும். இதே காரணத்தால் ஆகஸ்ட் வெயிலில் தெளிந்த ஏரியின் கரையோரத்தில் அது நிற்காது. பகலில் 6 முதல் 10 மீற்றர் ஆழத்தில், நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கல்திட்டுகளின் சரிவிலும் பாசித் திடலின் வெளி விளிம்பிலும் ஒதுங்கி நிற்கும். சூரியன் மரத்துக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் சரிவேறி மேலே வரும். அந்த ஒரு மணி நேரம் இரவுச் சாப்பாட்டோடு போய்விட்டால் நாள் போனது. வோல்ஐ வேண்டுமானால் ஆகஸ்டில் குடும்பம் 5 மணிக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சோனார் கருவி இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் ஒரு வெப்பமானியும் கண்ணாடிப் போத்தலும் போதும். வெப்பமானியைப் போத்தலுக்குள் வைத்து, அடியில் பாரம் கட்டி, தக்கையை ஒரு தனிக் கயிற்றோடு இணைத்து மூடுங்கள். இறக்கும் கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சு. வேண்டிய ஆழத்தில் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். இரண்டு நிமிடம் விட்டு மேலே எடுத்துப் பாருங்கள். வெப்பமானியை மட்டும் கட்டி இறக்கினால், மேலே வரும் வழியில் சூட்டுத் தண்ணீர் பட்டு அளவு மாறிவிடும். எந்த முடிச்சுக்குக் கீழே சடாரென்று குளிர்கிறதோ, அதற்குச் சற்று மேலே உள்ள சரிவுகளில் வோல்ஐயைத் தேடுங்கள். லேக் ட்ரவுட் வேண்டுமென்றால் இன்னும் கீழே, 10 பாகை அளவில்.

கருவி: 6 அல்லது 6½ அடித் தூண்டில் தடி, 8 பவுண்டு தங்கூசி, கால் அவுன்ஸ் ஜிக் (தலையில் பாரம் வைத்த கொக்கி). ஜிக் தரை தொட்டதும் தங்கூசி தளரும். அதிலிருந்து ஒரு சாண் தூக்கி, நிறுத்தி, மெல்ல விடுங்கள். பெரும்பாலும் கடிப்பது அது விழும்போதுதான். ஆகவே விழும்போது தங்கூசியை முழுக்கத் தளர விட்டால் கடித்ததே தெரியாது. பலருக்கு மீன் தப்புவது இந்த இடத்தில்தான்.

ஒரு விலக்கு உண்டு. சதுப்பிலிருந்து ஊறி வரும் தேத்தண்ணி நிற ஏரிகளில் வெளிச்சம் ஆழம் போகாது. அங்கே பட்டப்பகலிலும் மூன்று நான்கு மீற்றரில் வோல்ஐ கிடைக்கும். தெளிந்த ஏரியிலும் காற்று அடித்து அலை நுரைக்கும் கரையில் பகலில் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் இருக்கும் சிறு படகில் அந்தக் கரைப்பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அப்பப்பா வந்திருக்கிறார், 71 வயது. 65க்கு மேல் மீன்பிடி அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?
வாசகி, மார்க்கம்

பதில்: கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. அவர்கள் வயதைக் காட்டும் அடையாள அட்டையோடு மீன் பிடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர் எந்த வயதானாலும், 18 நிரம்பியிருந்தால் பத்திரம் எடுக்க வேண்டும். பெப்ரவரியின் குடும்ப நாள் வார இறுதி, அன்னையர் தினம், தந்தையர் தினம், யூலையின் குடும்ப மீன்பிடி வாரம் ஆகியவற்றில் கிடைக்கும் இலவச அனுமதியும் கனடாவில் வசிப்பவர்களுக்கே. அப்பப்பா தடியைத் தொடாமல் பக்கத்தில் இருந்து யோசனை சொல்வதற்கு எந்தப் பத்திரமும் வேண்டாம். அதை எப்படியும் செய்யத்தான் போகிறார்.

கேள்வி: விக்ரோறியா தின நீண்ட வார இறுதியில் 6, 9 வயதுப் பிள்ளைகளோடு கூடாரம் போட நினைக்கிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?
வாசகர்கள் மூவர்

பதில்: வடக்கின் பல மண்டலங்களில் வோல்ஐ பருவம் மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை திறக்கும் என்பதால் எல்லோருக்கும் அந்த வார இறுதியில்தான் கண். ஒன்ராறியோ 20 மீன்பிடி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஏரி எந்த மண்டலம், அந்த ஏரிக்குத் தனி விதி உண்டா என்று மாகாண அரசின் விதிக்கோவையில் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். மண்டல விதியைப் பார்த்துவிட்டு, ஏரியின் தனி விதியைப் பார்க்காமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். காற்று 20 பாகையாக இருக்கும், பிள்ளைகள் ரீசேட்டோடு ஓடித் திரிவார்கள். ஏரியோ இன்னும் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். குளிர்நீர் ஆபத்தை ஆராய்ந்த மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அதில் தண்ணீர் குடிக்காமல் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நினைவு தப்ப முன்பே கை விறைத்து, நீந்த முடியாமல் மூழ்குபவர்களே அதிகம் என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம். மிதப்பு அங்கி போட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் உங்கள் பக்கம்.

படகில் ஆளுக்கொரு மிதப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கைக்குக் கீழே கிடப்பதால் என்ன பயன்? பிள்ளைக்குப் போட்டுவிட்டு, தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது, தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளால் நழுவும். ஊதிப் பெருக்கும் வகை அங்கி 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை.

இரண்டாவது, கறுப்பு ஈ. மே நடுவிலிருந்து யூன் கடைசிவரை அதன் ஆட்சி. நுளம்பு தேங்கிய தண்ணீரில் பெருகும். இது ஓடும் தண்ணீரில் பெருகும். ஆகவே ஓடைக்குப் பக்கத்து முகாம் அழகாக இருக்கும், இருக்க முடியாது. துணிக்கு மேலால் கடிக்காது; ஆனால் கை விளிம்பு, கழுத்துப்பட்டி, காலுறை இடைவெளி வழியாக உள்ளே ஊர்ந்து போகும். காதுக்குப் பின்னும் தலைமுடி ஓரமும் அதற்குப் பிடித்த இடங்கள். கடித்தது தெரியாது, இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். கடுநீலம், கறுப்பு உடுப்பு வேண்டாம், வெளிர் நிறம் போடுங்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். காற்று வீசும் முனையில் கூடாரம் அடியுங்கள். இருட்டிய பிறகு அது கடிக்காது. அப்போது நுளம்பு வந்துவிடும், அது வேறு கதை.

பூச்சி மருந்தில் டீட் என்ற பொருள் எத்தனை வீதம் என்று பாருங்கள். கனடா சுகாதாரத் துறையின் அறிவுரைப்படி 2 முதல் 12 வயதுவரை 10 வீதத்துக்கு மேல் வேண்டாம், நாளுக்கு மூன்று தடவைக்கு மேலும் வேண்டாம். பெரியவர்களுக்கு 30 வீதம் வரை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூசாமல் வலையால் மூடுங்கள். வெயில் கிரீமை முதலில் பூசி, அதற்கு மேலே இதை. பிள்ளையின் உள்ளங்கையில் பூச வேண்டாம், கண்ணைக் கசக்கும். இன்னொன்று: டீட் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். மருந்து பூசிய கையோடு ரீலையும் கறுப்புக் கண்ணாடியையும் பிடித்தால் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கும். கையைத் துடைத்துவிட்டுத் தடியைத் தொடுங்கள்.

உண்மையைச் சொன்னால், சின்னப் பிள்ளைகளோடு முதன்முறை போகும் குடும்பத்துக்கு அந்த வார இறுதியை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். ஆகஸ்ட் நடுப்பகுதி நல்லது. ஈ போயிருக்கும், தண்ணீர் குளிக்கப் பதமாக இருக்கும்.

கேள்வி: ரொறன்ரோவில் வாங்கிய உயிர் மின்னோ மீன்களை இரைக்காக வடக்கே கொண்டுபோகலாமா? மிஞ்சிய இரையை என்ன செய்வது?
வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: வேண்டாம். ஒன்ராறியோ நான்கு இரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உயிர் மீனையும் அட்டையையும் ஒரு மண்டலத்திலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோவது பொதுவாகத் தடை. போன இடத்தில் வாங்குங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அல்கொன்குவின் பூங்காவில் உயிர் மீன் இரையை வைத்திருப்பதே குற்றம். குவெற்றிக்கோ பூங்காவில் செயற்கை இரையும் முள்ளின் எதிர்க்கூர் இல்லாத கொக்கியும் மட்டும்.

மிஞ்சியதைத் தண்ணீரிலோ, தண்ணீரிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டக் கூடாது. வாளித் தண்ணீருக்கும் அதே விதி. மண்புழுவையாவது காட்டில் விடலாம்தானே என்று கேட்காதீர்கள். பனிப்பாறைகள் சுரண்டிய இந்த வடகாட்டில் மண்புழு இயற்கையாகவே கிடையாது. வந்து சேர்ந்த இடத்தில் தரையின் சருகுப் படையைத் தின்று தீர்த்துவிடும். அந்தப் படையில்தான் காட்டுப்பூக்களும் மரக்கன்றுகளும் முளைக்கின்றன. கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: பைக் மீன் சுலபமாகப் பிடிபடுகிறது. ஆனால் குழம்பு வைத்தால் முள்ளு, முள்ளு, முள்ளு. பிள்ளைகள் தொடுவதில்லை.
வாசகி, பிறம்ப்ரன்

பதில்: பைக்கில் விலா எலும்பைத் தவிர, முதுகுச் சதைக்குள் கவட்டை வடிவ முள் ஒரு வரிசை மிதக்கிறது. முதுகெலும்போடு ஒட்டாமல் சதைக்குள் தனியே நிற்பதால் வழக்கமான வெட்டு அதன் நடுவால் போய்விடுகிறது. துண்டு போட்டுக் குழம்பு வைப்பது பைக்குக்குப் பொருந்தாத முறை. வெட்டும் முறையை மாற்றுங்கள். ஒரு மீனில் ஐந்து துண்டு எடுக்க வேண்டும்.

60 செ.மீ.க்குக் குறையாத மீன் என்றால் வேலை சுலபம். முதலில் கல்லுப்பால் வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தி வழுக்கும். மீனை வயிறு கீழே படும்படி நிமிர்த்தி வையுங்கள். தலைக்குப் பின்னால் முதுகெலும்பு தட்டும்வரை நேரே வெட்டி, கத்தியைப் படுக்க வைத்து, எலும்பின் மேலாகவே முதுகுச் செட்டைவரை வழித்துக்கொண்டு போய் மேலே எடுங்கள். முதுகுத் துண்டு, முள்ளில்லை.

இப்போது வெட்டிய இடத்தில், நடு எலும்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தடவுங்கள். கரடுமுரடாக ஒரு வரிசை தட்டுப்படும். வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணுக்கும் தெரியும். அவைதான் அந்த முள்ளின் நுனிகள். அந்தப் புள்ளி வரிசைக்கு வெளிப்பக்கமாகக் கத்தியை இறக்கி, முள்ளின் வளைவோடு சேர்ந்து வெளிப்பக்கமாகவும் கீழாகவும் போய், விலா எலும்பின் மேலால் வழித்தெடுங்கள். கத்தி முள்ளின் மேல் உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லை என்றால் சதைக்குள் விலகிப் போகிறீர்கள், டக் டக்கென்று தடுத்தால் முள்ளை அறுக்கிறீர்கள். இரண்டு பக்கமும் இப்படி இரண்டு துண்டு. கடைசியாக, முதுகுச் செட்டைக்குப் பின்னால் வால்வரை இரண்டு பக்கத்திலும் சாதாரணமாக வழித்து எடுங்கள். வாலில் கவட்டை முள் கிடையாது. ஆக ஐந்து. மிஞ்சும் எலும்புக் கூட்டை வேகவைத்து உதிர்த்தால் கட்லற்றுக்கு ஆகும்.

சின்னப் பைக்கில் இந்த வேலை வீண். தோலோடு இருக்கும் சதையில் 3 மில்லிமீற்றருக்கு ஒரு கீறலாகத் தோல்வரை நெருக்கக் கீறி, எண்ணெயில் முறுகப் பொரியுங்கள். அறுபட்ட முள் பொரிந்து நொறுங்கிவிடும்.

முகாமில் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதானால் ஒவ்வொரு துண்டிலும் உள்ளங்கையளவு தோலை விட்டுவையுங்கள். வழியில் அதிகாரி மறித்தால் என்ன மீன், எத்தனை என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால் எண்ண முடியாது, அதுவும் குற்றம். நீளக் கட்டுப்பாடு உள்ள இனத்தை வெட்டாமல் முழுசாகக் கொண்டுவருவதே நிம்மதி.

கேள்வி: பெரிய மீனைச் சாப்பிட்டால் பாதரசம் என்று பயமுறுத்துகிறார்கள். கொழுப்பை வெட்டி எறிந்தால் போதாதா?
வாசகர், மிசிசாகா

பதில்: கொழுப்பில் தங்கும் பிசிபி போன்ற நஞ்சுகளுக்கு அது உதவும். பாதரசம் சதையிலேயே தங்குகிறது, வெட்டியும் போகாது, வேகவைத்தும் போகாது. சின்ன மீனைத் தின்று தின்று பெரிய மீனில் சேர்ந்துகொண்டே வரும் என்பதால் வயதான வோல்ஐ, பைக், லேக் ட்ரவுட் மூன்றும் கவனிக்க வேண்டியவை. மாகாண அரசு ஏரிவாரியாக, மீனின் நீளவாரியாக, மாதம் எத்தனை வேளை உண்ணலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனி நிரல் உண்டு. 40 செ.மீ. வோல்ஐயைச் சட்டிக்கு எடுங்கள், 70 செ.மீ. மீனைப் படம் எடுத்துவிட்டு விடுங்கள். ருசியும் சின்னதில்தான்.

பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம். பைக்கிலும் பேர்ச்சிலும் நாடாப்புழுக் குஞ்சு இருக்கலாம். உள்ளே 70 பாகை வரும்வரை வேகட்டும்.

கேள்வி: விட்ட மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. கொக்கியைக் கவனமாகத்தானே கழற்றினோம்?
வாசகர், ஒஷாவா

பதில்: கொக்கியில் பிழையில்லை, ஆழத்தில்தான். வோல்ஐக்கும் பேர்ச்சுக்கும் உள்ளே இருக்கும் காற்றுப்பைக்கு வாய்வழி கிடையாது. 9 மீற்றருக்குக் கீழேயிருந்து இழுத்து வந்தால் பை ஊதிப் புடைத்து, இரைப்பையைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். பிறகு அதனால் கீழே போக முடியாது. ட்ரவுட் இனங்களுக்கு வழி உண்டு, ஏவறை விடுவதுபோல் காற்றை விட்டுவிடும். ஆகவே விடுவதற்காகவே பிடிக்கிறீர்கள் என்றால் வோல்ஐயை ஆழத்தில் தேடாதீர்கள். சமைக்கத் தேவையானது அகப்பட்டதும் ஆழத்தை விட்டு விலகுங்கள். ஊசியால் குத்திக் காற்றைப் போக்கலாம் என்று சொல்வார்கள். உள்ளுறுப்பைக் குத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

மற்றபடி ஈரக் கையால் பிடியுங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள். கொக்கியை விழுங்கியிருந்தால் தோண்டாமல் தங்கூசியை வாயோரம் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: பனி ஏரியில் நடக்கலாமா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? மருமகன் வருடா வருடம் கூப்பிடுகிறார், எனக்குப் பயம்.
வாசகர், 63 வயது, ஸ்காபரோ

பதில்: பயம் நல்லது, அளவுகோலும் கூட இருக்கட்டும்.

கனடிய செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவு: தனியாள் நடக்க 15 செ.மீ., கூட்டமாக நிற்க 20, பனி உந்துக்கு 25. இது தெளிந்த நீலப் பனிக்கட்டிக்கு. வெள்ளையாக, பால் கலந்ததுபோல் இருந்தால் பலம் பாதிதான், அளவை இரட்டிப்பாக்குங்கள். சாம்பல் நிறம் என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, திரும்பிவிடுங்கள்.

கரையில் ஓர் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு ஏரி முழுக்க அப்படித்தான் என்று நம்புவதுதான் பெரிய பிழை. ஓடை வாய், இரண்டு தீவுக்கு நடுவே உள்ள ஒடுக்கம், நீரூற்று, கருங்கல், துறைமரக்கால் இவற்றைச் சுற்றி எப்போதும் மெல்லியது. வெண்பனி ஆழமாக மூடிய இடமும் மெல்லியதாக இருக்கலாம். வெண்பனி ஒரு போர்வை. கீழே கட்டியாவதைத் தாமதப்படுத்தும். நீண்ட இரும்புப் பாரையை முன்னால் ஓங்கிக் குத்திக்கொண்டே நடக்க வேண்டும். இரண்டு குத்தில் தண்ணீர் வந்தால், வந்த வழியே பின்வாங்குங்கள். இருபது முப்பது அடி நடைக்கு ஒரு தடவை துளைபோட்டு அளவுங்கள். தடியின் நுனியில் ஓர் ஆணியை வளைத்து அடித்து, துளைக்குள் விட்டு, பனியின் அடி விளிம்பில் மாட்டி இழுத்தால் தடிப்பம் சரியாகத் தெரியும். மேலிருந்து கண்ணால் மதிப்பது எப்போதும் கூடச் சொல்லும்.

இந்த அளவெல்லாம் சனவரி, பெப்ரவரிக்கு. மார்ச் வெயிலில் பனிக்கட்டி, மெழுகுதிரிகளை நிறுத்தி அடுக்கியதுபோல் நெட்டுக்குத்தாகப் பிரிந்துவிடும். 40 செ.மீ. தடிப்பம் இருந்தாலும் காலடியில் உதிரும். அளவுகோல் அப்போது பொய் சொல்லும்.

விழுந்தால்: மேலங்கியைக் கழற்றாதீர்கள், அதில் காற்று இருக்கிறது. முதல் நிமிடம் மூச்சு. பிறகு வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களைத் தாங்கியது அந்தப் பனிதான். கழுத்தில் தொங்கும் இரண்டு கைக்கூர்களை (கைப்பிடியுள்ள கூரான ஆணிகள்) பனியில் குத்திப் பிடித்து, காலைப் பின்னால் நீட்டி அடித்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழும்பாமல் உருண்டு விலகுங்கள். கைக்கூர் பையின் அடியில் கிடந்தால் கடையிலேயே இருந்திருக்கலாம். மருமகன் உங்களை மீட்க ஓடி வரக் கூடாது, படுத்துக் கயிறு எறிய வேண்டும்.

மீன்பிடி: குளிர்காலத்தில் ஏரி தலைகீழ். பனிக்குக் கீழே 0 பாகை, அடியில் 4. அடியில்தான் வெதுவெதுப்பு, மீனும் அங்கே. இரை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கட்டும். பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். மீன் இழுத்தால் கொடி எழும்பும் வகையை வைத்தால் 60 மீற்றருக்குள், கண்ணுக்கு மறைவில்லாமல் நிற்க வேண்டும். 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக் கூடாரத்துக்குப் பதிவு தேவையில்லை. மரக்குடிசைக்குப் பல மண்டலங்களில் பதிவு எண் வேண்டும், மண்டலத்தைப் பொறுத்து மார்ச் 1, 15, 31க்குள் அகற்ற வேண்டும். உள்ளே எரிவாயு அடுப்பு வைத்தால் கீழே ஒன்று, மேலே ஒன்று காற்றுவழி திறந்திருக்கட்டும். தலையிடியும் தூக்கமும் வந்தால் அலுப்பு என்று எண்ணாமல் உடனே வெளியே வாருங்கள்.

கேள்வி: லூன் பறவையைப் பார்க்க எந்த மாதம் நல்லது? ஈயக் குண்டு அதைக் கொல்கிறதாமே?
வாசகி, நோத் பே

பதில்: யூன் கடைசி, யூலை. தாயின் முதுகில் குஞ்சு ஏறிச் சவாரி செய்வது அப்போதுதான். இலையுதிர் காலத்தில் பெரியவை முதலில் போய்விடும். குஞ்சுகள் தனியே நின்று, வளர்ந்து, பிறகு தாங்களாகவே வழி கண்டு தெற்கே போகும். லூனுக்குக் கனத்த எலும்பு. தண்ணீரில் வெகுதூரம் ஓடித்தான் எழும்பும். ஒக்ரோபரில் தமரக் மரங்கள், ஊசியிலை மரமாக இருந்தும், பொன்னாகி உதிர்ந்த பிறகும் ஒரு குஞ்சு ஏரியில் நின்றால், பனி மூடி ஓடுபாதை சுருங்குவதற்குள் அது கிளம்ப வேண்டும்.

ஈயம் உண்மைதான். இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும் பழக்கம் அதற்கு. ஏரியடியில் கிடக்கும் ஈயக் குண்டையும் கல்லென்று விழுங்கிவிடும், ஒன்றே போதும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஈய ஜிக்கும் தடை. சுப்பீரியர் ஏரிக் கரையின் புக்காஸ்குவா தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். மற்ற இடங்களிலும் வெள்ளீயம் அல்லது ரங்ஸ்ரன் என்ற கனத்த உலோகம் பாவியுங்கள். ரங்ஸ்ரன் விலை கூட. ஆனால் அதே பாரத்துக்குச் சின்னதாக இருப்பதால் அடி தொடுவது கையில் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: கரடி பயம். மீன் வெட்டிய கழிவை எங்கே போடுவது?
வாசகர், சட்பரி

பதில்: கூடாரத்துக்குப் பக்கத்தில் வெட்டாமல் இருப்பதிலேயே பாதிப் பிரச்சினை தீரும். பலகை, கத்தி, கை கழுவிய தண்ணீர், மீன் மணக்கும் உடுப்பு எதுவும் கூடாரத்தருகே வேண்டாம். கழிவை அந்தப் பூங்காவின் விதிப்படி அகற்றுங்கள். சாப்பாட்டுப் பையை நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்திலும் மரத்தண்டிலிருந்து 2 மீற்றர் தள்ளியும் தொங்கவிடுங்கள். பற்பசையும் சாப்பாடுதான், கரடிக்கு.

கேள்வி: 12 வயது மகளுக்கு மீன்பிடி அலுப்பு. கைபேசி இல்லாத இடம் என்றாலே முகம் சுருங்குகிறது. தம்பிக்கு 7 வயது, அவனுக்கு ஒரு இடத்தில் இருக்க முடியாது.
வாசகி, வோன்

பதில்: தம்பிக்கு வோல்ஐ வேண்டாம், பேர்ச் கொடுங்கள். 8ஆம் எண் கொக்கி, விரல் நுனியளவு மண்புழுத் துண்டு, ஒரு மிதவை, இறங்குதுறையின் நிழல். முழுப் புழுவைக் கோத்தால் பேர்ச் வாலை மட்டும் கடித்துவிட்டு ஓடும். முடிச்சு போட முன் தங்கூசியை நாக்கால் ஈரமாக்கச் சொல்லுங்கள். உலர்ந்து இறுகினால் சூட்டில் பலம் குறையும். ஒரு மணி நேரம் போதும், சலிப்பு வர முன் நீங்களாகவே நிறுத்துங்கள்.

மகளுக்குத் தூண்டில் கொடுக்காமல் ஏரியைக் கொடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன போத்தல் வெப்பமானி அவளுடைய பொறுப்பு. அதோடு 20 செ.மீ. அகலமான ஒரு வட்டத் தட்டை நான்கு பங்காக்கி, கறுப்பு வெள்ளை மாறிமாறிப் பூசி, நடுவில் கயிறு கட்டிப் பாரம் வையுங்கள். படகின் நிழற்பக்கமாக இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் தண்ணீரின் தெளிவு. இதே தட்டை வைத்து ஒன்ராறியோவில் தொண்டர்கள் அளந்து கொடுப்பதற்கென்றே ஏரிப் பங்காளர் திட்டம் ஒன்று நடக்கிறது. நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே ஏரிக்குப் போகும் குடும்பம் என்றால் அதில் சேரலாம்.

ஒரு கொப்பியில் பத்தி பிரியுங்கள்: தேதி, மேல்தண்ணீர் சூடு, 5 மீற்றரில் சூடு, தட்டு மறைந்த ஆழம், காற்று எந்தப் பக்கம், என்ன மீன், எத்தனை மீற்றரில். மூன்று கோடை சேர்ந்ததும், எந்த வாரம் எந்தத் திட்டில் நிற்பது என்று அவளிடம்தான் வீட்டார் கேட்க வேண்டி வரும். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும், குளிரில் எழுதாது.